அப்பிச்சியின் முகுளத்தில் சிறிய அடைப்பு: விக்கல், விழுங்குதல், வியர்வை, தூக்கத்தில் மூச்சு, எல்லாம் ஒரே இடத்தாலா?

பச்சைமலை வாசி (கோபிசெட்டிபாளையம்):

அனைவருக்கும் வணக்கம். என் அப்பிச்சிக்கு (அம்மாவின் அப்பா) வயது 72. சென்ற மாதம் ஒரு நாள் விடியற்காலையில் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுவிட்டுத் திரும்பியவர், தலை கிறுகிறுத்துத் தொழுவத்துக் கல்தூணைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார். வாந்தி நிற்கவில்லை. பித்தமாக இருக்கும் என்று எண்ணி அம்மிச்சி (அம்மாவின் அம்மா) எலுமிச்சைச் சாறு கொடுத்தார். அது தொண்டையில் இறங்காமல் மூக்கு வழியாகத் திரும்பி வந்ததைப் பார்த்த பிறகுதான் இது வேறு ஏதோ என்று எங்களுக்கு உறைத்தது. உடனே வண்டி பிடித்துக் கோவைக்குக் கொண்டு சென்றோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில், வலப்பக்க ஓரமாக, பச்சைப்பயறு அளவுக்கு ஓர் இடத்தில் ரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கிறது என்றார்கள்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். கை கால் எதுவும் விழவில்லை. ஆனால் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை போலத் தோன்றும் பல தொல்லைகள் இருக்கின்றன. முதல் ஐந்து நாட்கள் விக்கல் விடாமல் வந்தது. குரல் கம்மிவிட்டது. மூக்கு வழிக் குழாயில்தான் கஞ்சி போகிறது. வலது கண் இமை சற்றே தாழ்ந்திருக்கிறது. வெயிலில் உட்கார்ந்தால் முகத்தின் இடப்பக்கம் மட்டும் வியர்க்கிறது, வலப்பக்கம் காய்ந்தே கிடக்கிறது. வெந்நீர் ஊற்றினால் இடது காலில் சூடு தெரியவில்லை என்கிறார். முகத்திலோ வலப்பக்கம் மரத்திருக்கிறது. எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் இறங்குகிறது.

இவை எல்லாவற்றையும்விட எங்களைக் கலங்க வைப்பது இரவில் நடப்பது. விழித்திருக்கும்போது சீராக மூச்சு விடுபவர், நன்றாக உறங்கிய பிறகு சில வேளைகளில் மூச்சே விடாமல் கிடக்கிறார். அம்மிச்சி பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இருப்பார். நேற்று பதினெட்டு வரை எண்ணிய பிறகே மூச்சு திரும்பியது. பயறு அளவு இடம் கெட்டதற்கு இத்தனை விளைவுகளா? மூச்சே தடைப்படும் என்றால் இதயமும் அப்படி நின்றுவிடுமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

சாக்பீஸ் வாத்தியார் (கோயம்புத்தூர்):

உடலியங்கியல் பாடத்தை மருத்துவ மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். நோயாளியைப் பார்த்து மருந்து எழுதுபவன் அல்லன். ஆகவே முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தூக்கத்தில் பத்து நொடிக்கு மேல் மூச்சு நிற்பதை உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் நாளைக்கே சொல்லுங்கள். அடுத்த முறை காட்டப் போகும்போது சொல்லலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். அவர் உறக்கம் வரவில்லை என்றாலும் தூக்க மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். முகுளம் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் நீளமே உள்ள ஓர் உறுப்பு. கழுத்துக்குக் கீழே போகும் கம்பிகள், கீழிருந்து மேலே வரும் கம்பிகள், தொண்டைக்கும் நாக்குக்கும் குடலுக்கும் இதயத்துக்கும் போகும் நரம்புகளின் தொடக்கம், எல்லாம் அதற்குள்தான் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. பெருமூளையில் பயறு அளவு இடம் கெட்டால் பல நேரம் வெளியே ஒன்றுமே தெரியாமல் போய்விடும். முகுளத்தில் அதே அளவு கெட்டால், பேருந்து நிலையத்து மின்பெட்டியில் ஓர் ஓரம் கருகியது போல, கடிகாரம், விளக்கு, ஒலிபெருக்கி என்று தொடர்பில்லாதவை எல்லாம் ஒன்றாக அணையும்.

அப்பிச்சிக்கு வந்திருப்பது முகுளத்தின் பக்கவாட்டுப் பகுதியில் வரும் அடைப்பு. பாடப்புத்தகத்தில் வாலன்பெர்க் என்ற ஜெர்மன் மருத்துவரின் பெயரால் வழங்கும் நோய்க்குறித் தொகுப்பு. குரல்வளையையும் மிடற்றையும் அசைக்கும் நரம்பணுக்கள் அங்கே இருப்பதால் குரலும் விழுங்குதலும் போயின. உடலின் சூடு, வலி ஆகியவற்றை எடுத்துச்செல்லும் பாதை தண்டுவடத்திலேயே பக்கம் மாறி மேலேறி வருகிறது. முகத்துக்கான பாதை அந்த இடத்தில் இன்னும் பக்கம் மாறவில்லை. அதனால்தான் வலது முகமும் இடது காலும் மரத்திருக்கின்றன. மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்ற பகுதியிலிருந்து கீழிறங்கும், நம் விருப்பமின்றித் தானாக இயங்கும் பரிவு நரம்புப் பாதையும் அதே ஓரமாகப் போகிறது. இமையைத் தூக்கிப் பிடிக்க உதவுவதும், கண்மணியை விரிப்பதும், வியர்க்கச் செய்வதும் அந்தப் பாதைதான். கண்ணாடி முன் நிறுத்திப் பாருங்கள். வலது கண்மணி இடதைவிடச் சிறுத்திருக்கும்.

விக்கல் வந்தால் யாரோ நினைக்கிறார்கள் என்பது நம் வழக்கம். ஐந்து நாள் விடாமல் விக்கினால், விழுங்குதலையும் மூச்சையும் முறைப்படுத்தும் முகுளச் சுற்றில் எங்கோ கோளாறு என்று நரம்பியலார் நினைப்பார்கள்.

இதயத்தைப் பற்றிய அச்சத்துக்கு வருகிறேன். மூச்சும் இதயத் துடிப்பும் ஒன்று போலத் தெரிந்தாலும் அடிப்படையில் வேறுபட்டவை. இதயத்தின் வலது மேலறையில் அதற்கென்று ஒரு துடிப்பூட்டி உண்டு; எல்லா நரம்புகளையும் வெட்டிவிட்டாலும் அது நிமிடத்துக்கு நூறு முறை அளவில் தானே துடித்துக்கொண்டிருக்கும். நாம் சும்மா இருக்கும்போது எழுபதாகத் துடிப்பதற்குக் காரணம், முகுளத்திலிருந்து வரும் வேகஸ் நரம்பு இடைவிடாமல் பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பது. ஆக, மூளைத்தண்டு இதயத்தை இயக்குவதில்லை. வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது, அவ்வளவுதான். நுரையீரலுக்கு அப்படி ஒரு சொந்தத் துடிப்பூட்டி கிடையாது. நெஞ்சையும் வயிற்றையும் பிரித்து நிற்கும் உதரவிதானம் கைத்தசை, கால்தசை போன்ற ஒரு தசைதான். ஒவ்வொரு முறையும் முகுளத்திலிருந்து ஆணை கிளம்பி, கழுத்துத் தண்டுவடத்தின் மூன்று, நான்கு, ஐந்தாம் கணுக்களில் புறப்படும் நரம்பு வழியாக வந்து சேர்ந்தால்தான் அது சுருங்கும். நிமிடத்துக்குப் பதினைந்து என்று வைத்தால் நாளொன்றுக்கு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆணைகள்.

இந்த ஆணை எங்கிருந்து பிறக்கிறது என்று தேடிய கதை நீளமானது. முயல்களின் மூளையைப் படிப்படியாக அகற்றிப் பார்த்த லெகால்வா என்ற பிரெஞ்சு மருத்துவர், பெருமூளையும் சிறுமூளையும் போன பிறகும் மூச்சு நடப்பதையும், முகுளத்தில் வேகஸ் தொடங்கும் இடத்தைத் தொட்டதும் அது நின்றுவிடுவதையும் 1812-இல் நூலாக எழுதினார். அந்த இடத்துக்குள்ளும் தாளம் போடும் சிறு அணுக்கூட்டம் எது என்பது 1991-இல்தான் எலிக்குட்டிகளின் முகுளத்தை மெல்லிய வில்லைகளாகச் சீவிப் பார்த்தபோது தெரிந்தது. உடலை விட்டுப் பிரித்து உப்புநீர்க் கரைசலில் போட்ட வில்லை, தன்பாட்டுக்கு மூச்சின் தாளத்தைப் போட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பெயர் ப்ரீ-பாட்ஸிங்கர். பாட்ஸிங்கர் என்பது அறிஞரின் பெயர் அன்று. ஜெர்மனியில் ஒரு மாநாட்டு விருந்தில் மேசை மேல் இருந்த திராட்சை மதுப் புட்டியில் அச்சிட்டிருந்த ஊர்ப்பெயர். மாணவர்கள் இந்தப் பெயரை மட்டும் தேர்வில் மறந்ததே இல்லை.

எழுந்து நின்றால் அழுத்தம் இறங்குவதும் இதே முகவரிதான். வயலில் குனிந்து களை பறித்துவிட்டு நிமிர்ந்தால் அரை லிட்டருக்கு மேற்பட்ட ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் அதை முகுளத்துக்கு அறிவிக்க, முகுளம் வேகஸ் பிரேக்கைத் தளர்த்தி, பரிவு நரம்புகள் வழியாக ரத்தக்குழாய்களை இறுக்குகிறது. இத்தனையும் நாம் நிமிர்ந்து மண்வெட்டியை எடுப்பதற்குள் முடிந்துவிடும். அப்பிச்சிக்கு அந்தச் சுற்றில் ஒரு பக்கம் தளர்ந்திருக்கக்கூடும். மாத்திரைகளும் படுக்கையிலேயே கிடந்ததும் காரணமாக இருக்கலாம். கட்டிலில் இரண்டு நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்கார வைத்து, பிறகு நிற்க வையுங்கள்.

கிணத்துக்கடவுக்காரன்:

வாத்தியார் ஐயா விளக்கியதைப் படித்ததும் என் மனதில் நாற்பது ஆண்டுகளாகக் கிடக்கும் ஒரு நிகழ்ச்சியைக் கேட்கத் தோன்றுகிறது. எங்கள் தோட்டத்துக் கிணறு எண்பது அடி ஆழம். தண்ணீர் நிறைந்திருக்கும் ஐப்பசி, கார்த்திகையில் பையன்கள் எல்லாம் அதில்தான் கிடப்போம். அடியில் இருந்து யார் ஒரு பிடி மண் எடுத்து வருவது என்று பந்தயம். முங்குவதற்கு முன்னால் படியில் நின்று இருபது, முப்பது முறை வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டால் அதிக நேரம் தம் பிடிக்கலாம் என்று பெரிய பையன்கள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது உண்மையாகவும் இருந்தது. அப்படி முங்கிய என் கூட்டாளி ஒருவன், மேலே வந்துகொண்டிருந்தவன், தண்ணீர் மட்டத்துக்கு ஓர் ஆள் உயரம் கீழே அப்படியே கை கால் தளர்ந்து நின்றுவிட்டான். தவிக்கவும் இல்லை, நீரைக் குடிக்கவும் இல்லை. முடியைப் பிடித்துத் தூக்கிப் படியில் போட்டோம், பிழைத்துக்கொண்டான். கண் விழித்ததும், தனக்கு மூச்சு முட்டவே இல்லையே என்று எங்களையே திருப்பிக் கேட்டான். மூச்சு முட்டாமல் மயக்கம் எப்படி வரும்?

சாக்பீஸ் வாத்தியார்:

உங்கள் கூட்டாளி உண்மையைத்தான் சொன்னார். மூச்சு முட்டுகிறது என்ற தவிப்பு பிராணவாயு குறைவதால் வருகிறது என்று படித்தவர்களும் நினைக்கிறார்கள். அன்றாட நிலையில் முகுளம் அளந்துகொண்டிருப்பது கரியமில வாயுவை. ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற இரு ஆய்வாளர்கள் 1905-இல் தங்கள் மேலேயே சோதித்து இதை நிறுவினார்கள். ரத்தத்தில் அதன் அழுத்தம் நாற்பது மில்லிமீட்டர் பாதரசம் அளவில் இருக்கும். அது மூளையைச் சுற்றியுள்ள நீரில் எளிதாகக் கலந்து அதைச் சற்றே புளிப்பாக்கும். முகுளத்தின் முன்பக்க மேற்பரப்பை ஒட்டி உள்ள அணுக்கள் அந்தப் புளிப்பைச் சுவைத்தே மூச்சைக் கூட்டுகின்றன. இரண்டு, மூன்று அலகு ஏறினாலே உள்ளே போகும் காற்றின் அளவு ஏறக்குறைய இருமடங்காகிவிடும். பிராணவாயுவைக் கவனிப்பதற்குக் கழுத்துத் தமனி பிரியும் இடத்தில் அரிசி மணி அளவில் ஓர் உறுப்பு இருக்கிறது. அதைப் பற்றிய ஆய்வுக்காகக் கார்னீல் ஹேமன்ஸ் 1938-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார். ஆனால் அது பிராணவாயுவின் அழுத்தம் நூறிலிருந்து அறுபதுக்கு அருகே இறங்கிய பிறகே உரக்கக் குரல் கொடுக்கும்.

படியில் நின்று வேகவேகமாக மூச்சு விட்ட பையன் பிராணவாயுவைச் சேமிக்கவில்லை. ரத்தம் ஏற்கெனவே அதனால் நிறைந்திருக்கிறது. அவன் செய்தது கரியமில வாயுவைக் காலி செய்தது. நாற்பதில் இருக்க வேண்டியது இருபத்தைந்துக்குப் போனால், அது மீண்டும் ஏறி முகுளத்தைத் தட்டி எழுப்புவதற்குள் பிராணவாயு தீர்ந்துவிடுகிறது. மேலே ஏறி வரும்போது நீரழுத்தம் குறைவதால் நுரையீரலில் எஞ்சியிருந்த பிராணவாயுவின் அழுத்தமும் சட்டென்று சரியும். அதனால்தான் அடியில் மயங்காமல், மட்டத்துக்கு ஓர் ஆள் கீழே மயங்கினார். இன்றைக்கும் நம் பக்கத்துத் தோட்டங்களில் பையன்கள் இதைச் செய்கிறார்கள், பார்த்தால் அதட்டுங்கள்.

பச்சைமலை வாசி:

மிக்க நன்றி ஐயா. மருத்துவரிடம் சொல்லிவிட்டோம், இரவு முழுவதும் கருவிகள் மாட்டித் தூக்கத்தைப் பதிவு செய்யும் பரிசோதனைக்கு வரும் வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். இதயத்துக்கு எக்கோவும் எழுதினார். மூளையில் அடைப்புக்கு இதயத்தை ஏன் பார்க்கிறார்கள் என்று அம்மிச்சி கேட்கிறார். இன்னொன்றும் கவனித்தோம்: சில இரவுகளில் மூச்சு சட்டென்று நிற்பதில்லை. சிறுகச் சிறுக ஏறி, பெரிதாக வாங்கி, பிறகு படிப்படியாக இறங்கி நிற்கிறது. மீண்டும் அதே போல ஏறுகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, மேல்மூச்சு வாங்குகிறது, சொந்தபந்தத்துக்குச் சொல்லிவிடுங்கள் என்று சொல்லிப் போனதில் வீடே அழுது தீர்த்தது.

சாக்பீஸ் வாத்தியார்:

பெரியவர் சொன்னதைப் பொருட்படுத்த வேண்டாம். இப்படி ஏறி இறங்கி நிற்கும் மூச்சை 1818-இல் செய்ன், 1854-இல் ஸ்டோக்ஸ் என்ற மருத்துவர்கள் விவரித்தார்கள். இறுதி நேரத்தில் வரும் மூச்சோடு நம் மக்கள் இதைக் குழப்பிக்கொள்வது வழக்கம். இது வந்தவர்கள் எழுந்து நடமாடுவதும் உண்டு.

எக்கோ எதற்கு என்பதற்குக் கோபிக்காரருக்குத் தெரிந்த உவமையையே சொல்கிறேன். பவானிசாகரில் மதகைத் திறந்தால் கீழ்பவானி வாய்க்காலில் இருநூறு கிலோமீட்டர் கடந்து கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேரப் பல நாட்கள் ஆகும். தண்ணீர் வரவில்லை என்று கடைமடைக்காரர் கேட்டதும் மதகை மேலும் திறப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து வந்து வயல் மூழ்கும். போதும் என்று சொன்னதும் முழுக்க அடைத்தால், அந்தச் செய்தி போய்ச் சேர்ந்த சில நாளில் வாய்க்கால் வறளும். தவறு மதகிலும் இல்லை, கடைமடைக்காரரிடமும் இல்லை. இடைப்பட்ட காலத்தில் இருக்கிறது. நுரையீரலில் சுத்தமான ரத்தம் கழுத்து உணரிக்கும் முகுளத்துக்கும் வந்து சேரச் சில நொடிகள் போதும். இதயம் பலவீனமாகி ஓட்டம் மந்தமானால் அந்தச் செய்தி தாமதமாக வருகிறது. முகுளம் தேவைக்கு மேல் மூச்சு வாங்கி, பிறகு தேவைக்குக் கீழே போய் நிறுத்துகிறது. ஆகவே அப்பிச்சிக்கு இரவில் மூச்சு நிற்பது முகுளக் காயத்தாலா, இதயத் தளர்ச்சியாலா, அல்லது தொண்டைத் தசை தளர்ந்து வழியை அடைப்பதாலா என்று பிரித்தறிய வேண்டும். வைத்தியம் மூன்றுக்கும் ஒன்றன்று. இதயத்தின் அழுத்தும் திறன் குறைந்தவர்களுக்கு, மூச்சைக் கணித்துத் தன்னைத் தானே மாற்றிக்கொள்ளும் ஒருவகைக் கருவி தீங்கு செய்யும் என்று 2015-இல் வெளியான ஆய்வு காட்டியதால், மருத்துவர்கள் எக்கோ பார்க்காமல் அதைக் கொடுப்பதில்லை.

விழித்திருக்கும்போது மூச்சு சீராக இருப்பதாக முதலில் எழுதியிருந்தீர்கள், அது ஏன் என்பதை விட்டுவிட்டேன். மூச்சுக்கு இரண்டு பாதைகள் உண்டு. பேசவும் ஊதவும் தம் பிடிக்கவும் பெருமூளை நேரடியாகத் தண்டுவடத்துக்கு ஆணை அனுப்பும். தானாக நடக்கும் மூச்சு முகுளத்திலிருந்து வேறு வழியாக இறங்கும். மேலும், விழிப்பு நிலையே முகுளத்துக்கு ஓர் உந்துதல். உறங்கியதும் பெருமூளை விலகிக்கொள்ள, விழிப்பின் உந்துதலும் போய்விட, கரியமில வாயுவின் அளவு ஒன்றே எஞ்சுகிறது. அதை உணரும் சுற்றில் குறை இருந்தால் உறக்கத்தில்தான் வெளிப்படும். பிறவியிலேயே இந்தக் குறையோடு பிறக்கும் குழந்தைகள் உண்டு. விழித்திருக்கையில் விளையாடும், உறங்கினால் மூச்சு மிகவும் தணிந்துவிடும், செயற்கை சுவாசம் தேவைப்படும். பாக்ஸ்-டூ-பி என்ற மரபணுவின் மாற்றமே அதற்குக் காரணம் என்று 2003-இல் கண்டறிந்தார்கள்.

இரவுப்பணிச் செவிலி (ஈரோடு):

நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றுகிறேன். மூச்சும் இதயமும் வேறு வேறு என்று ஐயா எழுதியதை நாங்கள் கண்ணால் பார்ப்பது மூளைச்சாவை உறுதி செய்யும் சோதனையில். கருவியின் குழாயைப் பிரித்துவிட்டு, மூச்சுக்குழலில் மெல்லிய குழாய் வழியே ஆக்சிஜனை மட்டும் விட்டு, போர்வையை இடுப்பு வரை இறக்கி, நெஞ்சையும் வயிற்றையும் பார்த்துக்கொண்டே நிற்போம். எட்டு, பத்து நிமிடம் யாரும் பேசுவதில்லை. கரியமில வாயு அறுபதைத் தாண்டியும் ஓர் அசைவு கூட இல்லையென்றால் முகுளம் இல்லை என்று பொருள். அந்த நேரம் முழுவதும் மேலே திரையில் இதயம் துடித்துக்கொண்டே இருக்கும். நம் நாட்டு 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி, இந்தச் சோதனைகளை ஆறு மணி நேர இடைவெளிவிட்டு இரண்டாம் முறையும் செய்ய வேண்டும். துடிப்பு இருக்கும்போது எப்படி உயிர் போயிற்று என்கிறீர்கள் என்று உறவினர்கள் கேட்காத நாளில்லை. ஐயா சொன்ன பிரேக் உவமையை இனிமேல் நானும் சொல்லப் போகிறேன்.

இதற்கு நேர் எதிரானதையும் பார்த்திருக்கிறேன். இரவில் தரையில் படுத்து உறங்கியவரைக் கட்டுவிரியன் தீண்டி, விடியும்போது இமை தூக்க முடியாமல், மூச்சும் தடைப்பட்டு வந்தார். கண்மணி வெளிச்சத்துக்கு அசையவில்லை. பார்த்தால் எல்லாம் முடிந்தது போலத்தான் இருக்கும். ஆனால் அந்த விஷம் தடுப்பது நரம்பு தசையைத் தொடும் இடத்தை. முகுளம் உள்ளே ஆணை போட்டுக்கொண்டேதான் இருக்கிறது, கேட்பதற்குத் தசை இல்லை. கருவியில் வைத்து நாட்கணக்கில் காத்திருந்தோம். முதலில் கால் பெருவிரல் அசைந்தது. தேறிய பிறகு, நாங்கள் படுக்கை அருகே பேசியதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அன்றிலிருந்து எந்தப் படுக்கைப் பக்கத்திலும் நான் வாய் தவறிப் பேசுவதில்லை.

கோபிச் சகோதரருக்கு: குழாயில் கஞ்சி ஊற்றும்போது தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்து ஊற்றுங்கள், முடிந்த பிறகும் அரை மணி நேரத்துக்குப் படுக்க வைக்காதீர்கள். முகுள அடைப்பு வந்தவர்களுக்கு உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வருவதுதான் நாங்கள் அடிக்கடி பார்க்கும் ஆபத்து.

பச்சைமலை வாசி:

பரிசோதனை முடிந்தது. எக்கோவில் இதயம் நன்றாக இருக்கிறதாம். நின்ற மூச்சுகளில் பெரும்பாலானவற்றில் நெஞ்சும் வயிறும் சேர்ந்தே அசையாமல் இருந்ததால், தொண்டை அடைப்பு அன்று, ஆணையே வரவில்லை என்று சொன்னார்கள். குறித்த நேரத்துக்குள் மூச்சு எடுக்காவிட்டால் தானே காற்றைச் செலுத்தும் முகமூடிக் கருவி கொடுத்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் இரவில் மின்சாரம் போய் வரும். சாதாரண இன்வெர்ட்டர் தாங்குமா?

இரவுப்பணிச் செவிலி:

தாங்கும், ஆனால் கருவியின் அடியில் எழுதியிருக்கும் வாட் அளவை இன்வெர்ட்டர் கடைக்காரரிடம் காட்டி, இரவு முழுவதற்கும் பேட்டரி போதுமா என்று கணக்குப் போட்டு வாங்குங்கள். மின்சாரம் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்த ஒரு நொடியில் சில கருவிகள் அணைந்து, தாமாக மீண்டும் எழாமல் போகும். பகலில் அப்பிச்சி விழித்திருக்கும்போது மெயின் சுவிட்சை அணைத்து ஒரு முறை பார்த்துவிடுங்கள். எழவில்லை என்றால் கம்ப்யூட்டருக்கு வைக்கும் சிறிய யுபிஎஸ் ஒன்றை இடையில் வையுங்கள்.

பச்சைமலை வாசி:

அணைத்துப் பார்த்தோம்; எழவில்லை. நாளை ஈரோடு சென்று யுபிஎஸ் வாங்கி வருகிறேன். அதுவரை அம்மிச்சியும் நானும் முறை வைத்து விழித்திருக்கிறோம்.